வெள்ளைத் துணி விரித்த மேசை

அத்தியாயம் 11

ஜோசப் ஆனந்தின் முகம் உப்பளம் சாலை முனையில் பத்தடி உயரத்துக்குக் கைகூப்பி நின்றதைப் போன வாரம் பார்த்தோம். புனித மார்த்தா ஆலயப் பவள விழாவுக்கு ஊரை அழைக்கிற பேனர் அது. விழாவின் நாயகியான மார்த்தா அம்மாள் அதில் ஓர் ஓரமாக, தபால் தலை அளவில் இருந்தாள்.

"உங்க மீசை உயரத்துக்குக் கூட அந்தம்மாவை வைக்கலையே" என்று மனைவி ரூபி கேட்டு வைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டவள் மகள் ஜூலி. "அப்பாகிட்ட சாப்பாடு ரெடின்னு சொல்லு", "அம்மாகிட்ட எனக்குப் பசிக்கலன்னு சொல்லு" என்று மூன்று நாளாக அவள் தூது போய்க்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜூலை மாதத்து முதல் வெள்ளி.

முதல் வெள்ளி என்றால் ஜோசப் ஆனந்துக்குத் தனி மிடுக்கு வந்துவிடும். காலை ஆறு மணிப் பூசை முடிந்ததும் ஃபாதர் ஜெரின் நற்கருணை அப்பங்களைச் சின்னச் சிமிழ் ஒன்றில் வைத்து, அவர் கழுத்தில் தொங்கும் தோல் பைக்குள் போடுவார். கோயிலுக்கு நடந்து வர முடியாத நோயாளிகள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். வழியில் நின்று கதை பேசக் கூடாது, டீக்கடைப் பக்கம் திரும்பக் கூடாது. கழுத்தில் தொங்குவது ஆண்டவர் அல்லவா? அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, கோயில் நம்பிக் கொடுத்த பொறுப்பு அது. ஏழு வருஷமாகப் பார்க்கிறார்.

எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றினார், விழாக் குழுவின் மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டினார். முதுகில் 'எழு! செயல்படு!' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. தெருவில் கார் ஹாரன் அடித்தது. குழுத் தலைவரின் கார். பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டுக்காரர் அவர், காக்க வைத்தால் முகம் சுருங்கிவிடும். ஜோசப் ஆனந்த் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினார்.

எட்டேகாலுக்கு அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்தது. 'இன்று ஐந்து இல்லங்களில் இயேசு.' கீழே ஒரு படம். கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர் ஒருவர், அவர் முகமே மறையும்படி முன்னால் பக்தியோடு குனிந்து நிற்கும் ஜோசப் ஆனந்த்.

ரூபி வெங்காயம் அரிந்துகொண்டே பார்த்தாள். அவளுடைய போனில் யூடியூப் பூசை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேட்டஸைத் திறந்ததில் பிரசங்கம் நின்றுபோனது. மறுபடி போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"இந்தப் படம் எப்ப எடுத்ததுடி?" என்று ஜூலியைக் கேட்டாள்.

ஜூலி லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. விழா மலரின் பக்கங்களை அவள்தான் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். "யாருக்குத் தெரியும்? மாசாமாசம் இதையே போடச் சொல்வாரு. அவரு வாட்ஸ்அப் இந்த லேப்டாப்லயும் ஓடுது, நான்தான் போட்டு விடறேன். மலர்ல முப்பத்தெட்டாம் பக்கம் கூட இதுதான். தலைப்பு என்னா தெரியுமா? 'நடமாடும் நற்கருணைப் பேழை'."

"கர்மம்" என்றாள் ரூபி.

"அதான் நான் கோயில் பக்கமே வரதில்ல" என்றாள் மகள், சர்வ சாதாரணமாக.

ரூபிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பதில் சொல்லும் யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று யோசித்தாள். பைக்குள் சில்லறை தேடுவது போலக் கொஞ்சம் துழாவிவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினாள்.

*

ரூபி ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. சளி, சிறுநீர், மலம் என்று மனித உடம்பில் இருந்து வெளியே வருகிற எதையும் முகம் சுளிக்காமல் கையில் வாங்குகிறவள். அவளுக்குக் குமட்டல் வந்து யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு வந்தது.

மீன்காரி சுத்தம் பண்ணிக் கொடுத்த வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு, வைப்பதற்காக ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினாள். உள்ளே சுருட்டிய பேனர் ஒன்று. அதன் ரப்பர் நாற்றம் குப்பென்று அடித்தது. பக்கத்தில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் பாதி தின்ற சமோசா. அதன் மேல் சாய்ந்தாற்போல் ஒரு சின்னத் தோல் பை.

அந்தப் பையின் மேல் வெள்ளை நூலில் சிலுவை இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் ரூபியே தன் கையால் போட்ட தையல்.

ஒரு வேளை வெறும் சிமிழாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பையை மெல்ல எடுத்தாள். உள்ளே என்னவோ லேசாகத் தட்டியது. வெறும் சிமிழ் தட்டாது.

"இன்னாக்கா, பாம்பைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றாள் மீன்காரி.

"மீனை நீயே வச்சிரு. அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்."

"வெட்டின மீனை எப்படிக்கா வச்சிக்கிறது? ஐஸ்ல போட்டாலும்..."

ரூபி காதில் வாங்கவில்லை. மீன் தொட்ட கையைக் குழாயில் மூன்று முறை கழுவினாள். பிறகு தோல் பையைக் கழுத்தில் மாட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு கணவருக்குப் போன் போட்டாள். மூன்று நாள் மௌனம் மீன் கடை வாசலில் முடிந்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"லாஸ்பேட்டைல. பந்தல்காரன் ஆர்ச்சுக்கு லைட்டு கம்மியா போடறேன்றான், அதான் பேசிக்கிட்டு..."

"வண்டிப் பெட்டியில சிமிழ் இருக்கு. காலியா இல்ல."

மறுமுனையில் பந்தல்காரர் யாரையோ திட்டுவது மட்டும் கேட்டது.

"ஐயய்யோ" என்றார் ஜோசப் ஆனந்த். "ஒரு வீடு பாக்கி. மில்லுக்குப் பின்னாடி சந்துல அருளானந்தம்னு ஒருத்தரு. கார் வந்துடுச்சி, டி-ஷர்ட்டு மேல அதை எப்படி மாட்டிக்கிறதுன்னு... மத்தியானம் வந்து முடிச்சிடறேன். நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி மாதா சுரூபத்துக்கிட்ட வச்சி ஒரு மெழுகுவத்தி ஏத்து."

"சரி."

"ரூபி, ஃபாதருக்குச் சொல்லிடாத. விழா நேரம்."

ஐயய்யோ என்றாரே, அது ஆண்டவருக்காக என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள் ரூபி. இல்லை, அது விழாவுக்காக. சமோசா எண்ணெயின் நாற்றம் விரலிலேயே இருந்தது. அதை விட மோசமான நாற்றம் காது வழியாக வந்தது போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். பாதி வழியில்தான் அருளானந்தம் என்ற பெயர் உறைத்தது. மில்லில் வேலை பார்த்தவர், அவளிடம் மாதா மாதம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க ஆட்டோவில் வருவார். முந்நூறுக்குக் கீழே இறங்காத சர்க்கரை. "ஊசி வலிக்கலம்மா, நல்ல கை உனக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். மார்ச்சுக்குப் பிறகு அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ரூபி ஒரு தடவை கூட யோசித்ததில்லை.

அந்தக் காலத்து ஆட்கள் நன்மை என்கிற நற்கருணையை வாங்கும் வரை பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள். மணி பத்தே முக்கால். சர்க்கரை நோயாளி.

வண்டியை மில் சந்துக்கு ஓட்டினாள்.

*

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு மடக்கு மேசை, அதன் மேல் இஸ்திரி போட்டு விரித்த வெள்ளைத் துணி. இரண்டு மெழுகுவத்திகள் பாதிக்கு மேல் உருகி, அணைத்து வைக்கப்பட்டிருந்தன. நடுவில் சின்னச் சிலுவை, ஒரு முழம் மல்லிகை, ஒரு டம்ளர் தண்ணீர். மல்லிகை வாடத் தொடங்கியிருந்தது.

வாசலுக்கு வந்த பெண்மணி நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருந்தாள். அருளானந்தத்தின் மனைவி கமலவேணி. அந்தக் காலத்தில் இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு கட்டிக்கொண்டவர்கள். அவள் சாமி அவளுக்கு, அவர் சாமி அவருக்கு.

"யாரும்மா?"

"நான் ரூபி. ஜோசப் ஆனந்த் வீட்ல."

"ஓகோ" என்றாள் கமலவேணி. அந்த ஓகோவிலேயே ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டியது போல் இருந்தது. "உள்ள வா. வந்து பாத்துட்டுப் போ."

அருளானந்தம் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். கழுத்து வரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. நெற்றியெல்லாம் வியர்வை. வேட்டிக்குக் கீழே வலது பாதம் ஒன்றுதான் தெரிந்தது. இடது பக்கம் வேட்டி முழங்காலோடு தட்டையாகக் கிடந்தது.

ரூபி போனை எடுத்துப் பார்த்தாள். காலையில் வந்த ஸ்டேட்டஸ். இதே கட்டிலில் தொங்கும் இரண்டு கால்கள். இடது கட்டை விரலில் ஒரு சின்னக் கட்டு.

"காலு..." என்றாள்.

"ஏப்ரல்ல எடுத்துட்டாங்க" என்றாள் கமலவேணி. "உங்காளுங்க கால் கழுவுற சடங்கு ஒண்ணு பண்ணுவீங்களாமே, அன்னிக்கி."

பெரிய வியாழன். பன்னிரண்டு பேரை உட்கார வைத்து ஃபாதர் பாதம் கழுவுகிற நாள். இந்த வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரில் ஜோசப் ஆனந்தும் ஒருவர். அதற்காக முந்தின நாள் பார்லருக்குப் போய்க் காலுக்கு ஏதோ செய்துகொண்டு வந்திருந்தார். ரூபி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணி, சும்மா இரு" என்றார் அருளானந்தம். "அவங்களுக்கு ஆயிரம் வேலை. பவள விழா வேற வருது."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கல, இதுல இவரு வக்காலத்து வாங்குறாரு!" கமலவேணி ரூபியிடம் திரும்பினாள். "கேளும்மா. தை மாசம் கடைசியா வந்தாரு உன் வீட்டுக்காரரு. அப்புறம் ஒவ்வொரு முதல் வெள்ளிக்கும் இந்த மனுஷன் அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்து குளிக்கணும்பாரு. ஒத்தக் காலோட குளிப்பாட்டுறது எனக்குத்தான தெரியும்? நான் துணி விரிக்கணும், பூ வைக்கணும். இவரு வாசலைப் பாத்துக்கினே பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாரு. போன மாசம் மயங்கியே விழுந்தாரு. எங்க மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறதுன்னா கூட நேரத்துக்கு ஊத்திடுவோம். உங்க சாமி லேட்டா வரட்டும், நான் வேணாங்கல. வரவே வராதுன்னா ஒரு போன் பண்ணக் கூடாதா?"

ரூபியிடம் இருந்த ஒரே பதில் கழுத்தில் முந்தானைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஆனந்த் தம்பிக்கு நான் போன் பண்ணேன்" என்றார் அருளானந்தம், குறையாக அல்லாமல் விவரமாக. "ஃபாதரைக் கூட்டியாரச் சொல்லலாம்னு. நாலஞ்சு தடவ அடிச்சேன். பெரிய வியாழன் பாரு, கோயில்ல இருந்திருப்பாரு."

அப்போது அவர் கண்ணில் தோல் பையின் வார் பட்டது. முகம் மலர்ந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். "கொண்டாந்திருக்கியாம்மா? வேணி, மெழுகுவத்தி ஏத்து!"

ரூபி பையைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஐயா, எனக்குக் கொடுக்க அதிகாரம் இல்ல. ஃபாதர் சொன்னாத்தான்..."

"அப்ப ஃபாதரைக் கேளேன்" என்றாள் கமலவேணி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

கேட்கலாம். கேட்டால் சிமிழ் எப்படி உன் கைக்கு வந்தது என்பார். சொல்ல வேண்டும். சொன்னால் பத்தடி உயர முகம் ஒரே நாளில் தரைக்கு வந்துவிடும், விழாவுக்குப் பதினேழு நாள் இருக்கையில். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணிய மனிதர் அவர். கேட்காவிட்டால் மத்தியானம் வரை இந்த மனிதர் வியர்த்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பார், அடுத்த மாதமும் பார்த்திருப்பார். ரூபி அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். மூலையில் ஒரு சின்னக் கிழிசல், அதையும் இழையோடித் தைத்து இஸ்திரி போட்டிருந்தாள் குங்குமக்காரி.

ஃபாதர் ஜெரினுக்குப் போன் அடித்தாள்.

"சிமிழ் எங்கம்மா இருந்துச்சு?" என்றார் அவர்.

"வண்டிப் பெட்டியில ஃபாதர். சமோசாவுக்குப் பக்கத்துல."

"நீங்களே கொடுக்க நான் அனுமதி கொடுக்கலாம். நீங்க நன்மை வாங்கற நிலைமைல இருக்கீங்களா?" என்றார்.

"இல்ல ஃபாதர். என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி ரெண்டு வருஷமாச்சி."

"அப்ப நான் வரேன். இருபது நிமிஷம். அவரை முதல்ல சாப்பிட வைங்க. நோயாளிக்கு நோன்பு கிடையாதுன்னு சொல்லுங்க."

யாருமே அவரிடம் அதைச் சொன்னதில்லை. அருளானந்தம் நம்பவே இல்லை. "ஃபாதரே சொன்னாரா? நெசமாவா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் இட்லியைப் பிட்டார். கமலவேணி ஒரு மூலையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

சாப்பிடும்போதே தலையணைக்கு அடியில் இருந்து பழைய போன் ஒன்றை எடுத்தார் அருளானந்தம். பொத்தான் போன். "நேரமாயிடுச்சி" என்று யாருக்கோ அடித்தார். "அம்மாவாசை, மாத்திரை போட்டியா? இல்லையா? போடு, நான் லைன்ல இருக்கேன்."

"மில்லுல கூட வேலை பாத்த ஏழு பேரு" என்றாள் கமலவேணி. "சர்க்கரை, பிரஷர்னு கெடக்கறாங்க. பொண்டாட்டி போனவனும் உண்டு, புள்ளைங்க கண்டுக்காதவனும் உண்டு. காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை இவருக்கு இதே வேலை. போடற வரைக்கும் வைக்க மாட்டாரு."

"காலு தானேம்மா போச்சு" என்றார் அவர். "வாய் இருக்குல்ல? சும்மா எதுக்கு வச்சிருக்கணும்?"

மஞ்சள் டி-ஷர்ட்டின் முதுகு ரூபியின் கண்முன் வந்தது. எழு! செயல்படு! எழ முடியாத மனிதர் ஒருவர் செயல்பட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எந்தப் பேனரிலும் ஒரு வரி கிடையாது.

*

ஃபாதர் வந்தார், நன்மை கொடுத்தார். நெற்றியில் எண்ணெய் பூசி, நோயாளிக்கான செபம் சொன்னார். அருளானந்தம் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். சமையலறை வாசலில் நின்று கமலவேணியும் கும்பிட்டுக்கொண்டாள். கும்பிட்டு முடித்ததும் ஃபாதரையும் அவள் விடவில்லை. அஞ்சு மாசக் கதையையும் சொன்னாள்.

"என் மேலயும் தப்பு இருக்கும்மா" என்றார் அந்த இளம் குரு. காது மடல் சிவந்திருந்தது. "பேரை எழுதிக் கொடுத்துட்டு, எல்லாம் நடக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

வெளியே அவர் பைக்கை எடுக்கும்போது ரூபி பின்னாலேயே வந்தாள். தெருக்குழாயில் யாரோ குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபாதர், இங்கயே பாவசங்கீர்த்தனம் கேப்பீங்களா?"

அவர் பைக்கின் மேல் சாய்ந்து, பாக்கெட்டில் இருந்து ஊதா நிறத் தோள்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் வீட்டுக்காரரு இப்படிப் பண்ணுவாருன்னு..." என்று தொடங்கினாள் ரூபி.

"அது அவரு வந்து சொல்லட்டும். உங்களுது சொல்லுங்க."

பளாரென்று வாங்கியது போல இருந்தது. பிறகு சொன்னாள். வெங்காயம் அரிந்துகொண்டே பூசை பார்த்ததைச் சொன்னாள். அந்தப் படத்தில் சுவரில் தொங்குகிற காலண்டரில் பிப்ரவரி என்று இருப்பதை மே மாதமே கவனித்ததைச் சொன்னாள். கவனித்தும் கேட்கவில்லை, கேட்டால் ஏதாவது செய்ய வேண்டி வரும் என்பதால். கணவரைப் பார்த்து முகம் சுளிப்பதையே பெரிய பக்தியாக நினைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் சோபாவில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள்.

"உங்க கைக்கு என்னா வேலை தெரியும்?" என்றார் ஃபாதர்.

"ரத்தம் எடுக்கத் தெரியும்."

"இவருக்கு சர்க்கரை பாத்து எவ்வளவு நாளாச்சி?"

"நாலு மாசம்."

"அதுதான் உங்க பரிகாரம். வாரா வாரம்." கைகளை உயர்த்தி மன்னிப்பு வழங்கினார். பைக்கில் ஏறியதும், "ஆனந்த் சாரை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

*

அடுத்த பத்தாவது நிமிஷம் ஆட்டோவில் ஆனந்த் சாரே வந்து இறங்கினார், மஞ்சள் டி-ஷர்ட்டோடு. வீட்டில் ரூபி இல்லை என்று ஜூலி சொல்லியிருக்கிறாள். இங்கேதான் இருப்பாள் என்று பதறிப்போய் உள்ளே நுழைந்தவர் கட்டிலைப் பார்த்தார். தட்டையாகக் கிடந்த வேட்டியைப் பார்த்தார்.

அந்த நேரம் ரூபிக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம் கூட வந்தது. அழப் போகிறார் என்று நினைத்தாள்.

அவர் அவளை வாசல் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "மலர் நாளைக்கு அச்சுக்குப் போகுது. அந்தப் படம் வந்தா மாட்டிக்குவோம். இவர் இடுப்புக்குக் கீழ ஒரு போர்வையைப் போத்திவிட்டு, இப்பவே ஒரு படம் எடுத்துடலாமா?"

இருபத்தாறு வருஷத்தில் எந்தச் சீசாவும் செய்யாததை இந்த வார்த்தை செய்தது. ரூபி வாசல் சாக்கடைக்கு ஓடினாள். காலையில் குடித்த காப்பி வரை வெளியே வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது உள்ளே இருந்து குரல் கேட்டது.

"போர்வை வேணாம் தம்பி. புழுக்கமா இருக்கு."

ஜோசப் ஆனந்த் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்.

"மூஞ்சி செவந்திருக்கே" என்றார் அருளானந்தம். "பிரஷர் இருக்குதா உனக்கு?"

"இருக்குண்ணே."

"மாத்திரை போட்டியா?"

தலை குனிந்தது. போடவில்லை.

சந்து முனையில் ரூபி வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கிக் காட்டினாள். பேனரும் சமோசாவும் அப்படியே இருந்தன. "அஞ்சு மாசமா மிச்சமான நன்மையை என்னா பண்ணீங்க?"

"சாயந்தரம் கோயில்ல கொண்டு போய் வச்சிடுவேன். பத்திரமாத்தான்..."

"சாயந்தரம் வரைக்கும்?"

அவர் பெட்டியைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு ஃபாதர் வரச் சொன்னாரு. நான்தான் சொன்னேன்" என்றாள் ரூபி. "ஆட்டோல போங்க. இந்த வண்டியைக் கழுவணும்."

*

மாலை ஆறேமுக்காலுக்கு அவர் கோயிலில் இருந்து திரும்பினார். டி-ஷர்ட் இல்லை, காலையில் கழற்றிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். தோல் பையை மேசை மேல் வைத்தார். தட்டையாகக் கிடந்தது, சிமிழ் உள்ளே இல்லை.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிப் பூசையில, அறிவிப்பு நேரத்துல நடந்ததை நான் எழுந்து பேசணுமாம்" என்றார் சுவரைப் பார்த்து.

"பேசுவீங்களா?"

அவர் போனை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"முப்பத்தெட்டாம் பக்கம் என்னாப்பா பண்றது?" என்றாள் ஜூலி. மத்தியானம் முழுக்க அம்மாவோடு உட்கார்ந்து வண்டியைக் கழுவியவள். "காலையில அச்சகத்துல கேப்பாங்க."

மேசை மேல் கிடந்த போன்தான் ஏழரை மணிக்கு அடித்தது.

திரையில் எழுத்து ஓடியது: 'முதல் வெள்ளி 5.'

ரூபி படித்தாள். ஏழு வருஷமாகத் தெரிந்த மனிதருக்கு அவர் போனில் ஒரு பெயர் கூட இல்லை. பெரிய வியாழனன்று நாலைந்து தடவை அடித்ததும் இந்த எண்தான்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுங்கள் என்று ரூபி சொல்லவில்லை. ஜூலியும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கடைசி மணியில் அவர் கை நீண்டது. ஸ்பீக்கர் எப்படியோ அழுந்திவிட்டது.

"தம்பி, சாயந்தர மாத்திரை போட்டாச்சா?"

"இல்லண்ணே."

"போடு" என்றார் அருளானந்தம். "நான் லைன்ல இருக்கேன்."